மூன்று நொடி

மெகல்லன் நீரிணையில் காற்று நூறைத் தாண்டியதால்
இன்றும் படகில்லை.
அதனாலென்ன, யாரும் எங்கும் போகப்போவதில்லை.
போர்வெனீரில், படகுப் பட்டறையின் மாடியறையில் நான்.
எதிர்க்கரை அரேனாசில் நெல்தா.
நத்தாலெசில் இசித்ரோ, மடியில் குழந்தையோடு.
யாஸ்னா ஏதோ ஒரு சால்மன் பண்ணையின் மிதவை வீட்டில்,
குரல் மட்டும்,
அதுவும் அரை நொடி பிந்தி.

திரையில் ஒரு சுரங்கம்.
சட்டைப் பொத்தான் அளவில் மூன்று வட்டங்கள்:
என் கொல்லன், இசித்ரோவின் பொய்பேசும் துறவி,
யாஸ்னாவின் ஒற்றைக்கண் வில்லாளி.
அவரவர் தீப்பந்தம் எட்டும் தூரம்தான்
அவரவருக்கு உலகம்.
மீதி இருட்டை ஆளுக்குத் தக்கபடி
அளந்து வெட்டித் தருகிறது மென்பொருள்.

‘கதவு’ என்கிறாள் நெல்தா. ‘ஈர மரம்.
உள்ளே ஏதோ மூச்சு விடுகிறது.’
அவள் வீட்டுக் கூரைத் தகரம் படபடக்கிறது.
அதுவும் கதையில் சேர்த்தியா என்று
நாங்கள் கேட்பதில்லை.

இருபது முகப் பகடைக்கு ஒரு சொடுக்கு.
இசித்ரோவுக்கு அதன்மேல் நம்பிக்கையே கிடையாது.
நாலு வாரமாக ஒன்பதைத் தாண்டவில்லையாம்,
பால்புட்டிக் கணக்கு எழுதும் தாளின் பின்பக்கம்
ஒவ்வொன்றாகக் குறித்து வைத்திருக்கிறான்.

கதவைத் திறக்கப் போனவள்
வேறெதையோ அழுத்திவிட்டாள்.

முழுச் சுரங்கமும் பட்டப்பகலில் வந்து நின்றது.
குழிக்குள் நட்ட ஈட்டிகள்.
பின்வாசலில் ஏழு எலும்புக்கூடுகள்.
அரியணை காலி;
இரண்டு மாதமாக எங்களோடு நடந்துவரும்
விளக்குக்காரிதான் ராணி.
இவற்றுக்கும் மேலே, மஞ்சள் சீட்டுகளில், அவள் குறிப்புகள்:

குழந்தை அழுதால் இந்தச் சண்டையை விட்டுவிடு.
யாஸ்னாவை இங்கே நிறையப் பேசவிடு, வாரம் முழுக்க அவளுக்கு மோட்டார் சத்தம்தான்.
எவரிஸ்தோ தோற்றால் சிரிப்பான். நம்பாதே.

மூன்று நொடி. நாலாகவும் இருக்கலாம்.
மறுபடி கறுப்பு.

‘யாராவது எதையாவது பார்த்தீங்களா?’

‘குழந்தைக்கு வாய் துடைச்சிட்டிருந்தேன்’ என்றான் இசித்ரோ.
‘எனக்குப் படம் உறைஞ்சுபோச்சு’
அரை நொடி கழித்து யாஸ்னா.
நான் மாத்தேக்கு வெந்நீர் வைக்கப் போயிருந்தேனாம்.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க
மூன்று பேர் போதும் போலிருக்கிறது.

உள்ளே போனோம்.
குழி எங்கே என்று தெரிந்த கால்களைக்
குழிக்கே நடத்திப்போவது
எத்தனை கஷ்டம்! இரண்டு கட்டம் வலப்பக்கம் நகர்ந்தால் போதும்,
சுட்டுவிரல் தானாக இழுக்கிறது.
துறவி முதலில் விழுந்தான், அலறலோடு.
கயிறு வீச நான் உருட்டினேன்: இரண்டு.
சிரிக்கவில்லை.
அங்கே அவள் எதையோ தட்டச்சு செய்யும் ஓசை.

விளக்குக்காரிக்கு, வழக்கம்போல,
ரொட்டியில் பாதியைக் கொடுத்தாள் யாஸ்னா.
வழக்கத்தைவிட நெடுநேரம் பேசினாள்:
குளிரைப் பற்றி, தூக்கம் வராததைப் பற்றி,
வில்லாளிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தங்கையைப் பற்றி.
நெல்தா குறுக்கிடவில்லை.
கடைசியில் அந்தப் பெண் தலையிலிருந்து சாக்குத்துணியை எடுத்தபோது
திடுக்கிட்டோம் மூவரும்,
நன்றாகவே.

மென்பொருள் எதையும் மறப்பதில்லை.
ஆட்டம் கலைந்ததும் பதிவேட்டைத் திறந்தேன்:
வெளிச்சம், அனைவருக்கும், 22:41:07.
வெளிச்சம் நீக்கம், 22:41:10.
இணைப்பில் மூவர். தடங்கல் ஏதுமில்லை.
நெல்தா அதை வாராவாரம் படிப்பவள்.

அடுத்த செவ்வாய் அவள் ஒன்றும் கேட்கவில்லை.
இசித்ரோவுக்குப் பதினேழு விழுந்தது.
‘பார்த்தீங்களா! பார்த்தீங்களா!’ என்று கத்தினான்.
யாரும் பார்க்கவில்லை என்றோம்,
நெல்தாவும் சேர்ந்து.