ஐந்தாம் எண் பம்ப்

ஜெலுத்தோங். இரவு ஒன்று நாற்பது.
கண்ணாடிக் கூண்டுக்குள் நானும் நாற்பது கேள்விகளும்.
சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு
இன்னும் இருபத்து மூன்று நாள்.
ரசீதுச் சுருளின் பின்பக்கம்தான் என் நோட்டு.
நீளமாக யோசிக்கத் தோதான தாள்.

கேள்வி ஏழு: வட்ட மேசையில் எட்டுப் பேர்.
சூ லின், ஹக்கீமுக்கு எதிரே உட்கார மாட்டாள்.
இரண்டு பேருக்கும் என்ன சண்டை என்று
கேள்வி சொல்லவில்லை.
எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருக்கிறது.
இப்படித்தான் நேரம் போகிறது.

ஷுக்ரி தரை துடைக்கிறான்.
மஞ்சள் பலகையை வை, வழக்கு வரும் என்கிறேன்.
யார் விழுந்தது என்கிறான்.
கேள்வி பதினொன்றில் ஒருவர், இடுப்பெலும்பு.

பதினெட்டாம் கேள்விக்கு மேலே குறிப்பு:
தந்த விதியை மட்டும் சம்பவத்துக்குப் பொருத்துக.
உங்கள் சொந்த எண்ணத்தை வெளியே வைக்கவும்.
வைத்தேன், நனைந்த குடையைப் போல.
அங்கே அது சொட்டிக்கொண்டே இருக்கிறது.

விதி:
நியாயமான ஒரு மனிதர் எடுத்திருக்கும் கவனத்தை
எடுக்கத் தவறியவரே நட்டத்துக்குப் பொறுப்பு.

சம்பவம், புத்தகத்தில் இல்லாதது:
போன செவ்வாய், மணி மூன்று பத்து.
கதவு நிறம் மாறிய ஒரு பழைய வீரா.
பின்சீட்டில் போர்வை,
போர்வைக்குள் இருமல்.
'பர்ஸ வீட்லயே விட்டுட்டேன் தங்கச்சி,
ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்து கட்டிடுறேன்.'
ஐந்தாம் பம்பைத் திறந்துவிட்டேன்.
நாற்பது வெள்ளி.
மிஸ்டர் கூ என் சம்பளத்தில் பிடித்தார்.
கோபமே இல்லை. சிஸ்டம் அப்படி என்றார்.

இந்த நியாயமான மனிதரை நான் ஒருமுறை பார்க்க வேண்டும்.
நான்கு மாதமாகப் படிக்கிறேன்,
பக்கத்துக்குப் பக்கம் வருகிறார்,
ஒருநாள்கூட எண்ணெய் ஊற்ற வந்ததில்லை.
பாயான் லெப்பாஸ் ஷிப்ட் பஸ் டிரைவர் வருகிறார்,
தூக்கத்தைக் கழுவ முகம் கழுவுகிறார்.
காற்றடிக்கும் மிஷினோடு பேசுகிறவர் வருகிறார்.
அவர் மட்டும் இல்லை.
அவருக்குப் பிள்ளை உண்டா?
அது இரவில் இருமுமா?

விடை அ. காசாளரே பொறுப்பு.
பென்சிலால் வட்டமிட்டேன். அழித்தேன்.
தாள் கிழிந்துவிட்டது.

இன்றைக்கு, இரண்டேகாலுக்கு, அதே வீரா.
பின்சீட்டில் போர்வை இல்லை.
மடித்துக் கட்டிய அட்டைப் பெட்டிகள்.
ஐம்பது வெள்ளித் தாளைத் துவாரத்தில் தள்ளினார்.
மீதியை எடுப்பதற்குள் வேண்டாமென்று கையசைத்தார்.
'பிள்ளை...' என்று தொடங்கினேன்,
மைக் பட்டனை அழுத்தாமல்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
என் வாய் அசைந்தது மட்டும் தெரிந்திருக்கும்.
தலையாட்டிவிட்டுப் போனார்.
எதற்கு ஆட்டினாரோ.

கேள்வி நாற்பத்தொன்று, நானே எழுதியது:
இந்த நாற்பது யாருடையது?
கடைக்கு நட்டமில்லை, என்னிடம் பிடித்தாயிற்று.
எனக்கென்றால், கணக்கில் அவர் இன்னும் திருடர்.
அந்தப் பத்து வெள்ளி
வட்டியா, நன்றியா,
கேட்காமல் விட்டதற்குக் கூலியா?
அ, ஆ, இ, ஈ என்று போட்டு வைத்தேன்.
எதற்கும் நேராக ஒன்றும் எழுத வரவில்லை.

ஐந்தரைக்கு ஆ ஹெங், பெர்மிட் அட்டையும்
படகுக்கு டீசல் கேனுமாக.
முப்பது என்கிறார்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
மீட்டர் சென் வரைக்கும் அளக்கிறது,
இவர் கடலுக்குக் கொண்டு போகிறார்.

ஐம்பது வெள்ளி கல்லாவிலும் இல்லை, என் பையிலும் இல்லை.
பதினெட்டாம் கேள்வியில், கிழிந்த இடத்தில் இருக்கிறது.

ஷிப்ட் முடிவதற்குள்
சூ லின் எங்கே உட்கார்ந்தாள் என்று கண்டுபிடித்துவிட்டேன்.
விடை இ.
சண்டை என்னவென்று
விடைப் பக்கத்திலும் போடவில்லை.