மூன்றாம் நம்பர்

ராயக்கோட்டை ரோட்டில் என் ஷெட்டுக்கு
டிராக்டர் கட்டி இழுத்து வந்தார்கள்
திம்மக்காவின் பிக்கப்பை.
சித்திரை பிறந்து ஆறு நாள்.
வைகாசியில் கூழ் ஃபேக்டரி வாசலில்
மாங்காய் வண்டிகள் வளைவு தாண்டி நிற்கும்.
அதற்குள் வேணும் என்றாள்
வேப்பனப்பள்ளிக்காரி, பாதி தெலுங்கில்.

மகேந்திரா. எண்பத்திமூணு மாடல்.
முதலில் நீலம், அதன்மேல் பச்சை,
சிராய்த்த இடத்தில் இரண்டும் தெரியும்.
கதவுக் கைப்பிடிக்குப் பதில் சணல் கயிறு.
ஹார்ன் மட்டும் புதுசு.

இன்ஜினை இறக்கி
சம்ப்பைக் கழற்றினால்
ஆயில் இல்லை, கறுப்புக் களி.
விரல் விட்டுத் தேய்த்தேன்:
மினுமினுப்பு.
பேரிங் உதிர்ந்தால் இப்படித்தான்,
மீன் செதிள் மாதிரி வெயிலில் திரும்பும்.

ஒன்று, இரண்டு, நான்கு
நியாயமாகத் தேய்ந்திருந்தன.
மூன்றாம் நம்பர் ராடின் மூடியை நெம்பியபோது
செல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு தகடு
வழுக்கி உள்ளங்கையில் விழுந்தது.

நகக் கனம்கூட இல்லை.
கத்தரியால் வெட்டிய ஓரம்.
கெரசினில் கழுவித் துடைத்தால்
சிவப்பில் பொடி எழுத்து:
'ஈறுகளுக்கு உறு'
அவ்வளவுதான். 'தி' கத்தரிக்கு அந்தப் பக்கம் போயிருந்தது.

பல் விளக்குகிற பேஸ்ட்டு ட்யூப்!

பேசினேன் பாருங்கள்.
கிராங்க் ஷாஃப்டுக்கு ட்யூப் தகடு வைத்த மகராசன்
எந்த ஊர்,
அவனை நம்பி ஸ்பேனர் கொடுத்தவன் யார்,
வாங்கின கூலி செரித்ததா அவனுக்கு,
உருதுவில் கொஞ்சம், தமிழில் நிறைய.
லேத்துக்கார எத்திராஜ் டீ டம்ளரை வைத்துவிட்டு
தகட்டை மைக்ரோமீட்டரில் பிடித்தான்.
"நாலு தௌ. அளந்துதான் வெச்சிருக்கான்."

திம்மக்கா பழைய டயர்மேல் உட்கார்ந்து
செல்போனில் பெங்களூரா விலை கேட்டுக்கொண்டிருந்தாள்.
போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னாள்:
"நீதான் இலியாஸு.
அவரு தர்மபுரி ஆஸ்பத்திரில கெடந்தப்ப.
பேரிங் வர நாலு நாள் ஆவும்னே.
ராத்திரிக்கே கூட்டிட்டு வரணும்னேன்.
எதுத்த கடையில பேஸ்ட்டு வாங்கியாரச் சொன்னே.
பிரிக்காத பேஸ்ட்டு, பிதுக்கி சாக்கடைல ஊத்தினே.
ஒரு நடை தாங்கும்னு சொன்னே."

ஒரு நடை.
பதினோரு மாங்காய் சீசன்.

அந்த ராத்திரி எனக்கு நினைவில்லை.
கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
அதற்கும் நினைவில்லை.
டீசலோடு கலந்த புதினா வாசம்,
அது மட்டும் எங்கிருந்தோ வந்தது.

கொஞ்சம் பொறுத்துக் கேட்டேன்:
"அன்னிக்கு வந்து சேர்ந்தாரா?"

"காரிமங்கலம் வரைக்கும் பேசினாரு.
வண்டி சத்தம் நல்லா இருக்குன்னாரு."
பிறகு போனுக்குள் திரும்பி
கிலோவுக்கு எட்டணா கூடக் கேட்டாள்.

எத்திராஜ் கிராங்க்கை இருபது தௌ அரைத்துக் கொடுத்தான்.
லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் புதுசு.
மூன்றாம் நம்பருக்கு
டார்க் ரெஞ்ச் 'டக்' சொல்லும்வரை முறுக்கினேன்.
சொன்ன பிறகும் ஒரு தரம் சொல்லவைத்தேன்.
ஏர் எடுத்து, நாலாவது செல்ஃபில் பிடித்தது.
ஸ்க்ரூடிரைவர் முனையை பிளாக்கில் ஊன்றி
கைப்பிடியைக் காதில் வைத்தேன்.
மூன்றில் சத்தமே இல்லை.
அதையே வெகுநேரம் கேட்டேன்.

"கியாரண்டி எத்தினி மாசம்?"
"ஆறு."
"அந்தத் தகடு எங்க?"
நட்டு டப்பாவில் துழாவி எடுத்தேன்.
"குடு. அவசரத்துக்கு ஆவும்."

முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு
நாற்பதைத் தாண்டாதே என்றேன்.
அப்படியே பெங்களூர் ரோட்டில் ஏறினாள்.
பின்னால் கிரானைட் லாரிகள்
ஹார்ன் அடித்தபடி வரிசை கட்டின.
அவளும் அடித்தாள்,
புது ஹார்ன்.