பன்னிரண்டு படங்கள்

பாம்பன் தெற்குவாடி ஐஸ் கம்பெனியில்
பில் போடுகிறவள் நான்.
பகலெல்லாம் பாளக் கணக்கு.
இரவு எட்டுக்கு மேல், அதே கணினியில்,
முதலாளிக்குத் தெரிந்தும் தெரியாமலும்
கதை.

நண்டு வலையில் தாலி சிக்கிய கதையை முடித்தபோது
மணி பதினொன்றரை.
வெளியே ஆண்கடல் இரைந்துகொண்டிருந்தது.
எழுதி முடித்தால் போதுமென்றிருந்தவளிடம்
எந்த வடிவில் சேமிக்க என்று கேட்டது பெட்டி,
கீழே நீளமாய் ஒரு பட்டியல்.

வேர்ட் கோப்பாய் அனுப்பினேன் முதலில்.
வேதாளை ராவியத்துக்குப் போய்ச் சேர்வதற்குள்
கொம்பெல்லாம் கழன்று
எழுத்துக்கு எழுத்து புள்ளி வட்டம்.
"என்னக்கா இது, நண்டு பேசுற பாஷையா?"

பிடிஎஃப் எங்கள் தொழிலுக்குச் சொந்தம்.
உறைந்தால் உறைந்ததுதான்;
போட்டது போட்டபடி கொச்சி வரை போகும்.
சின்னப்பாலத்தில் பாசி எடுக்கிற மாரிக்கண்ணு
விரலில் சுற்றிய துணியை அவிழ்க்காமல்
உள்ளங்கை அகலத் திரையில்
ஒரு வரிக்கு இடமும் வலமும் இழுத்து இழுத்து
"இதுக்குத் துடுப்பு போடுறதே லேசு" என்றாள்.

இபப் என்று ஒன்று இருக்கிறதாம்.
எந்தத் திரைக்கும் தன்னை மடித்துக்கொள்ளுமாம்.
கீழக்கரை ஜெராக்ஸ் கடை நைனா சொன்னான்.
உண்மைதான்.
அதைத் திறக்க இன்னொன்றை இறக்க வேண்டும்,
இறக்க இடம் வேண்டும்,
மாரிக்கண்ணு போனில் இடம் முழுக்க
மகளின் சடங்கு வீடியோ.
எதை அழிக்கச் சொல்வேன்?

"வெறும் எழுத்தா மட்டும் விட்டுறாதே" என்றும் சொன்னான் நைனா.
"பேரை அறுத்துட்டு எவனாவது ஓட்டுவான்,
நம்பர் அழிச்ச படகு மாதிரி."

அதனால் படமாக்கினேன்.
பக்கத்துக்கு ஒன்று, மொத்தம் பன்னிரண்டு.
ஒரு கொம்பும் கழலவில்லை.
இலங்கை டவர் வரவேற்றுச் செய்தி அனுப்புகிற தூரத்தில்
விசைப்படகு டிரைவர் சேசுவுக்கு
ஏழாம் பக்கம் மட்டும் முதலில் இறங்கி,
கரைக்கு வந்ததும் வராததுமாய்
"தாலி யாருது?" என்று கேட்டுக்கொண்டு நின்றான்.
ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

பஸ் நிறுத்தத்தில் இன்னாசி அண்ணன் பெட்டிக்கடை.
ஐந்து ரூபாயை விளிம்பில் அறிவார்,
நோட்டை நீளத்தில்.
போன் அவருக்கு எல்லாம் படித்துக் காட்டும்:
புயல் கூண்டு எண், இறால் விலை,
தங்கச்சி அனுப்பும் வசவு உட்பட.
பால் பாக்கெட் வாங்கப் போனேன்.
"உன் கதை வந்துச்சு."
என் காதுக்கு நேரே நீட்டினார்.
இரும்புக் குரலில், மூச்சு விடாமல்,

படம்.
படம்.
படம்.

பன்னிரண்டும் முடிகிற வரை கையை எடுக்கவில்லை.
"முடிவு நல்லாருக்கு" என்றார்.
சில்லறையைச் சரியாகக் கொடுத்தார்.

அன்றிரவு எல்லாவற்றையும் உரித்தேன்.
தடித்த எழுத்து, பக்க எண், ஓரத்தில் போட்ட நண்டுப் படம்,
தலைப்புக்கு நைனா போட்ட அலை வளையம்.
வெறும் எழுத்து.
பேரை மட்டும் நடுக்கதையில், கடன் நோட்டு வாசிக்கும் இடத்தில்,
ஐஸ் கம்பெனி பில்காரியாய் நுழைத்து வைத்தேன்.
அறுப்பவன் படித்துவிட்டு அறுக்கட்டும்.

இரண்டு நாள் கழித்து இன்னாசி அண்ணன் கூப்பிட்டார்.
முழுக்கக் கேட்டாராம்.
நண்டுக்காரி பொய் சொல்கிறாள் என்றார்.
அப்புறம், கொஞ்சம் தயங்கி,
"அந்தப் படகு நிக்கிற இடத்துல
மூணு நட்சத்திரம்னு சொல்லுது.
அன்னைக்கு மேகமா?
மிச்சமெல்லாம் எங்க போச்சு?"

காட்சி பிரிக்க நான் தட்டிய குறி அது.
எடுத்துவிடலாம் என்று கோப்பைத் திறந்தேன்.

மேகம்தான் அண்ணே என்று
அந்த இடத்தில் ஒரு வரி சேர்த்தேன்.