கயிற்றுக்கு அந்தப்பக்கம்

அப்பாவின் வேனை விற்ற காசில்தான் வந்தோம்,
நானும் தம்பி யெல்மரும் அவன் மகள் நின்கேயும்.
மே மாதக் கடைசி. வாடன் கடலில் நீர் இறங்கி
சேறு மட்டும் மினுங்கிய காலை.
கப்பலில் மூன்று பேருக்கும் காபி வாங்கினான்,
என் கோப்பையையும் அவனே பிடித்துக்கொண்டான்.
"வீட்ஸ்கே கையில் எதுவும் நிற்காது" என்று
பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னான்.
அவரும் சிரித்தார். பழகிவிட்டது.

தீவில் கார் கிடையாது.
வாடகைக்கு எடுத்த என் சைக்கிளில் மணி அடிக்கவில்லை.
விலகச் சொல்ல வழியில் ஆளுமில்லை.

வடக்குக் கரை பாதிக்கு மேல் மூடிக் கிடந்தது.
மூடி என்றால், கதவில்லை, வேலியில்லை,
மரக் கழிகளில் ஓடிய ஒற்றைக் கயிறு.
சோம்பேறி நாய்கூடத் தாண்டிவிடும்.
பலகையில் எழுதியிருந்தது:
முட்டைகள் மணல் நிறம்.
உங்கள் கால் அவற்றைப் பார்க்காது.

யெல்மருக்குக் கோபம்.
"ஒரு வாரத்துக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறோம்!
எலுமிச்சம்பழம் அளவுப் பறவைக்குக்
கடலையே எழுதிக் கொடுத்துவிட்டார்களா?"
காவலுக்கு நின்ற ஹில்ட்யே வாதாடவில்லை.
(குளிர்காலத்தில் பல் மருத்துவரிடம் வரவேற்பாளராம்,
இந்த மாதிரிக் குரல்கள் அவளுக்குப் புதிதில்லை.)
பைனாகுலரை நீட்டினாள்.
"சிப்பிக் குவியலுக்கு இரண்டு முழம் இப்பால்."
அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.
வாங்கிப் பார்த்தேன். மணல்.
காற்றில் ஓடுகிற மணல். பிறகு
மணலுக்கு ஒரு கண் இருந்தது.

அப்போதுதான் நின்கேயின் தொப்பி பறந்து
கயிற்றுக்கு அந்தப்பக்கம் விழுந்தது.
ஏழு வயது; கூப்பிட்டால் நிற்கிற வயதில்லை.
நாலடி வைத்திருப்பாள்,

உப்புக்கொத்தி ஓடி வந்தது அவள் முன்னால்.
ஒரு சிறகை இழுத்து, மறு சிறகைக் கோணலாய்ப் பரப்பி,
வாலை மணலில் தேய்த்து,
அடிபட்டவள் நான், என்னைப் பார்,
என்னைவிடச் சுலபமாய்ப் பிடிக்க
இந்தத் தீவில் வேறெதுவும் இல்லை என்று
நொண்டியது. விழுந்தது.
திரும்பிப் பார்த்தது, வருகிறாளா என்று.
வந்தாள். மறுபடி விழுந்தது,
இன்னும் கொஞ்சம் தள்ளி.

"நடிப்பு" என்றாள் ஹில்ட்யே.
"முட்டைகள் எதிர்த்திசையில்.
மெதுவாய்க் கூப்பிடுங்கள்,
போன சுவட்டிலேயே திரும்பி வரட்டும்."
யெல்மர் கோபத்தை மறந்தே போனான்.
"என்ன சாமர்த்தியம்! யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?"

அப்பாவின் வேன் கதவு முதல் தடவை சாத்தாது.
இரண்டாவது சத்தத்துக்கும்
அவர் காலடி மாடிப்படியைத் தொடுவதற்கும் நடுவே
எனக்கு ஏழெட்டு நொடி இருக்கும்.
அம்மாவுக்கு இரவு வேலை.
மேலே நீ. நாலு வயது. தூக்கத்தில்
அழுகிற பழக்கம் உனக்கு.
நான் சமையலறையில் ஒரு தட்டைக் கீழே விடுவேன்.
தட்டு போதாத இரவில் கோப்பை,
கோப்பையும் போதாத இரவில்
நானே நாற்காலியோடு.
அவர் திரும்புவார், சத்தம் வந்த பக்கம்.

காலையில் துடைப்பத்தோடு அம்மா கேட்பாள்,
"மறுபடியும் உடைத்தாயா?"
படியில் உட்கார்ந்து நீ சிரிப்பாய்.
உன் கல்யாண விருந்தில்கூட அதைச் சொன்னாய்,
மேஜையெல்லாம் குலுங்கியது.

நின்கே திரும்பி வந்தாள், வெறுங்கையோடு.
தொப்பி அங்கேயே கிடக்கட்டும்,
ஆகஸ்டில் தபாலில் அனுப்புகிறேன் என்று
ஹில்ட்யே முகவரி எழுதிக்கொண்டாள்.
உப்புக்கொத்தி எழுந்து,
இரண்டு சிறகும் பழுதில்லாமல்,
அலைமேல் ஒரு வளையம் போட்டுத்
தன் இடத்தில் போய் இறங்கியது.

எனக்கு இடது மணிக்கட்டு
மழை வருமுன் வலிக்கும்.
அன்று மாலை வலித்தது.

இரவு, வாடகை வீட்டில்
யெல்மர் பாதிக் கோப்பைதான் ஊற்றினான் எனக்கு.
ஜன்னலில் மழை தொடங்கியிருந்தது.
கயிறு நனையும், முட்டை நனையுமா
என்று நின்கே கேட்டாள்.
"அது மேலே உட்கார்ந்திருக்கும்" என்றேன்.
கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.