ஒரு பைனாகுலர்

காலை ஏழு இருபது. சார்னியாவில்
பூச்சியத்துக்குக் கீழே பத்தொன்பது.
ஆற்றைப் பார்க்க நிறுத்திய கார்கள் நாலு,
ஒன்றையும் அணைக்கவில்லை, எல்லாம் புகைக்கின்றன.
நேற்றிரவு தொடங்கிய பேச்சு, வீட்டுக் கடனைப் பற்றியது,
இன்னும் முடியாமல்
எங்களுக்கு நடுவில், கோப்பை வைக்கும் குழியில் கிடக்கிறது.
பைனாகுலரும் ஒன்றுதான்.

குகதாசனுக்குக் கப்பல். எனக்கு வாத்து.
அவனுடைய கைபேசியில் ஒரு பச்சை அம்பு
ஏரி ஆறாகும் இடத்தில்
இரண்டு மணி நேரமாக அசையவில்லை.
உப்பு ஏற்றி வருகிறதாம்.
நாங்கள் வந்த தெருவில் இரவிரவாய் இறைத்திருந்தார்களே,
அதற்குச் சொந்தக்காரி.

ஆலையின் சுடுநீர் விழும் மூலையில் மட்டும்
ஆறு கறுப்பாகத் திறந்திருக்கிறது.
அதற்குள் செந்தலை வாத்துகள்,
அலகை முதுகில் செருகி, ஓட்டத்தோடு பின்வாங்கி,
விழித்து, முன்னுக்கு நீந்தி, மறுபடி தூங்கி.
கட்டைவிரல் எண்ணும் பொறியை அழுத்துகிறது:
முந்நூற்று நாற்பது. நாற்பத்தொன்று.
ஒன்று மூழ்கினால் மூச்சைப் பிடிப்பேன்.
அது மேலே வருமட்டும் கணக்கு நகராது.

முதலில் வந்தது சத்தம்.
கண்ணாடி உடைவது போல இருக்கும் என்பார்கள். இல்லை.
மேல்மாடியில் யாரோ
நிறைந்த அலுமாரியை இழுப்பது போல.

"வருது," என்றான். இன்றைக்கு அவன் பேசிய முதற்சொல்.
கேட்கவில்லை, கையை நீட்டினான்.
நான் முந்நூற்று எண்பத்தாறில் இருந்தேன்.
கொடுத்தேன்.

முன்னால் சிவப்பாய் ஐஸ் உடைக்கும் கப்பல்.
பின்னால் அது: துருவும் பனியும் மாறி மாறிப் பூசிய
எழுநூறு அடி. வாசிக்க முடியாத பெயர்.
தளத்தில் ஒருவர் குனிந்து
ஒரு கதவைச் சுத்தியலால் தட்டித் தட்டித்
திறக்கப் பார்க்கிறார்.
அந்தத் தட்டல் எங்களுக்குக் கேட்கவில்லை,
கை ஏறி இறங்குவது மட்டும்.

வாத்துகள் ஒருமிக்க எழுந்தன.
என் கணக்கு முழுவதும் பாலத்துக்கு மேலே போயிற்று.

கப்பல் போன வழியில் ஒரு கறுப்பு வீதி.
அதன் இரு கரையிலும் தகடுகள்
இப்போதே நெருங்கத் தொடங்கிவிட்டன.
அதில் வந்து இறங்கின,
முதலில் ஏழெட்டு, பிறகு பிடியாய், பிறகு கொட்டினாற் போல.
ஐஸின் விளிம்பில் கழுகு ஒன்று, எதையோ மிதித்தபடி,
எதையும் பார்க்காமல்.

அவன் பைனாகுலரை இறக்கவில்லை.
கப்பலின் பின்புறத்தில் பெயர் தேடுகிறான் என்று நினைத்தேன்.
உதடு அசைந்தது.
"நூற்றுப் பன்னிரண்டு," என்றான்.
"சாம்பல் நிறத்தையும் சேர்க்கிறதா?"

அவை பெட்டைகள். சேர்க்க வேணும் என்றேன்.

"அப்ப பிழைச்சுப் போச்சு. முதல்லயிருந்து."

வீதி மூட இன்னும் கால்மணி இருக்கலாம்.
தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.
பொறியைப் பூச்சியத்துக்குத் திருப்பி நீட்டினேன்.
வாங்குவதற்கு அவன்
பல்லால் கையுறையைக் கழற்ற வேண்டியிருந்தது.