பாலம் வரைக்கும்

ஐஸ் கொம்பனியில் வேலை எனக்கு.
விடியப்புறம் மூன்று மணிக்குக் கட்டி உடைப்பு.
நடுங்கும் கைக்கு அங்கே ஒரு வசதி:
எல்லாருக்கும்தான் நடுங்கும்.
பதினொரு வருசம் அப்படித்தான் ஒளித்தேன்.

மீன் பாடுது என்பார்கள் எங்கள் வாவியில்.
நிலாக் காலத்தில் தோணியேறிப் போய்
துடுப்பில் காதை வைத்துக் கேட்பார்கள்.
நான் பாலத்தடியில் பல இரவு கிடந்தவன்.
எனக்குக் கேட்டது
பியூலா டோர்ச்சோடு வந்து
என் பெயரைச் சொல்லாமல்
“இஞ்ச கிடக்காரு” என்று
யாருக்கோ சொன்ன சத்தம் மட்டும்.

விட்ட பிறகும் வானம் திறக்கவில்லை.
கூட்டப் பந்தலில் கையுயர்த்திச் சாட்சி சொன்னவனைப்போல
ஒரே ராத்திரியில் அது வெறுத்துப் போகவில்லை எனக்கு.
இப்போதும் மணக்கிறது.
பொய் சொல்வானேன்,
நல்லாய்த்தான் மணக்கிறது.

முதல் கிழமை உறக்கமில்லை.
சுவரெல்லாம் எறும்பு, விளக்கைப் போட்டால் இல்லை.
வேதத்தைத் திறந்து மத்தேயு முதலாம் அதிகாரம் வாசித்தேன்.
இவன் அவனைப் பெற்றான், அவன் இன்னொருவனைப் பெற்றான்.
யாரும் என்னிடம் எதுவும் கேட்காத பக்கம் அது.
வியர்வையில் தாள் விரலோடு ஒட்டி வந்தது.

வேலை முடிந்து வரும்போது
அரசடி தாண்டி, பாலத்துக்கு முன்னே தவறணை.
பச்சை அடித்த கம்பிக் கதவு.
கம்பிக்குள்ளால் காசு போகும், போத்தல் வரும்.
அந்தத் துண்டுத் தூரத்துக்கு மட்டும்
ஒரு ஜெபம் வைத்திருந்தேன்:
ஆண்டவரே, பாலம் வரைக்கும்.
நாளைக்கு வேண்டாம், பரலோகம் வேண்டாம்,
பாலம் வரைக்கும்.
ஏறிவிட்டால் காற்றுப் பிடித்துத் தள்ளும்;
பிறகு இறக்கம்,
மிதிக்கத் தேவையில்லை.

நாற்பத்தாறாம் நாள்
சித்திரைப் போனஸ் சட்டைப் பையில்.
ஆண்டவரே, பா
சைக்கிள் தானாய்ச் சாய்ந்தது மதிலில்.

மூன்று நாள் கழித்துப் போதகர் வந்தார்.
பிரசங்கத்துக்குக் குனிந்து நின்றேன்.
அவரோ முற்றத்தில் குந்தி
கழன்று கிடந்த செயினை மாட்டிக்கொண்டிருந்தார்.
“ஜெபத்த எந்த இடத்தில விட்டீங்க?”
“பா-வில.”
“அப்ப லம் மட்டும்தானே மிச்சம்.”
கறுத்த விரலை
வாழையிலையில் துடைத்துவிட்டுப் போனார்.

திருவிருந்துக்கு மட்டும் எழும்பமாட்டேன்.
மாத முதல் ஞாயிறு
கடைசி வாங்கிலிருந்து பார்ப்பேன்,
தட்டு நிறையக் குட்டிக் கிண்ணங்கள்.
அவருடைய இரத்தம் என்பார்கள்.
எனக்குத் தெரிந்தது அதிலுள்ள வீதம்.
ஒரு சொட்டுப் போதும்,
பழைய ஒழுங்கையெல்லாம் விளக்கெரியும்.

எப்சிபா ரீச்சர் ஒன்றும் கேட்கவில்லை.
ஒரு சனிக்கிழமை கால் கிலோ பிளம்ஸ் வாங்கி
ஊறவிட்டு, அவித்து,
பழைய சாரித் துண்டில் வடித்து
சோடாப் போத்தலில் கொண்டுவந்தா.
எனக்கென்று தனிக் கிண்ணம் இல்லை.
சபை முழுக்க அதையே குடித்தது.
சிலர் முகம் சுளித்தார்கள்,
சுளித்துக்கொண்டே குடித்தார்கள்.

முழங்காலில் நின்றேன்.
கிண்ணம் பல்லில் பட்டுக் கிணுங்கிற்று.
இந்த வரிசையில் யாருக்கும் நடுங்கவில்லை,
எனக்கு மட்டும்.
பக்கத்தில் நின்றவர்
முழங்கையைக் கொண்டுவந்து
என் முழங்கையோடு அண்டக் கொடுத்தார்.
அவர் பெயர் எனக்கு இன்னும் தெரியாது.

சின்னவனுக்குக் காய்ச்சல் என்று
பியூலா அன்று வரவில்லை.
வாசலில் நின்றாள்.
இரண்டு வருசமாய் ஒரே சொல்:
ஊதுங்க.
ஊதினேன்.
வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாய்
கண்ணை மூடி நின்றாள்.
பிறகு அடுப்படிக்குத் திரும்பிக்கொண்டே
“ரீச்சர் சீனிய அள்ளிக் கொட்டியிரிக்கா” என்றாள்.

நாளைக்குத் திங்கள்.
செயினுக்கு எண்ணெய் விட வேண்டும்.