பதிமூன்றாவது பொட்டலம்

பேட்டை ரயில் கேட் தாண்டி
கூரை போன பேட்டரிப் பட்டறை.
மூடிப் பதினோரு வருஷம்.
சுற்றுச்சுவருக்கு மட்டும்
தேர்தலுக்குத் தேர்தல் புதுச் சுண்ணாம்பு.

ரெண்டு ஏக்கர், மைதானத்துக்குக் கேட்டிருக்கோம் என்றார் எச்.எம்.
மண்ணைப் பார்க்கணுமே சார் என்றேன்.
பாருங்களேன், பிள்ளைகளை வைத்தே,
உங்களுக்கும் ஒரு புராஜெக்ட் ஆச்சு.

கையுறை மாட்டிக்கொண்டு
நூல் பிடித்துக் கட்டம் அடித்தோம்.
கபடிக் கோடென்று செய்யதலி தொடையைத் தட்டினான்.
கட்டம் பன்னிரண்டு. பொட்டலம் பன்னிரண்டு.
ஒவ்வொன்றிலும் ஒரு சாண் ஆழத்து மண்,
மேலே ஸ்கெட்ச் பேனாவில் எண்.

அமிலத்தில் கொதிக்கவைத்து, வடிகட்டி,
பொட்டாசியம் அயோடைடு ரெண்டு சொட்டு.
பரீட்சையில் மஞ்சள் வந்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள்:
காரீயம், முழு மார்க்.
அன்றைக்கு ஐந்தில் மஞ்சள் வந்தது.
யாரும் சிரிக்கவில்லை என்று எழுத ஆசை.
சிரித்தார்கள். பழக்கதோஷம்.

பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு வரைபடத்தை விரித்தோம்.
என்ன செய்யலாம், சொல்லுங்கள்.
மேல்மண்ண வழிச்சு எடுத்துரலாம் என்றான் மனோ இக்னேஷியஸ்.
எடுத்து?
கங்கைகொண்டான் பக்கம் தட்டிரலாம்.
ஏல, அங்கதான் எங்க சித்தி இருக்கா, என்றாள் முப்புடாதி.
கடுகு விதைக்கலாம், வேர் உறிஞ்சுமாம்.
உறிஞ்சின கடுக ஆடு தின்னா?
அந்த ஆட்டைக் கறிக்கடைக்காரர் வாங்கினா?
சிமென்ட் போட்டு மூடி சைக்கிள் ஸ்டாண்டு ஆக்கிரலாம்.
எதையும் ஒழிக்க முடியாது போல,
இடத்தத்தான் மாத்த முடியும்.
பாடத்தில் இல்லாத வரி.
யார் சொன்னதென்று திரும்புவதற்குள் மணி அடித்துவிட்டது.

எல்லாரும் போனபின் உச்சிமாகாளி நின்றாள்.
கையில் ஒரு பொட்டலம். எண் இல்லை.
இது எந்தக் கட்டம்?
கட்டத்துக்குள்ள இல்ல டீச்சர்.
எங்க வாசல் மண்ணு.
சுவருக்குக் கீழ்ப்பக்கம், மூணாவது வீடு.

வரைபடத்தை நான் சுவரோடு நிறுத்தியிருந்தேன்.
ஆடி மாதத்து மேல்காற்றில்
அம்மி பறந்து பார்த்தவர் இல்லை.
காரீயம் பறக்கும்.

சொட்டு விட்டோம். லேசாக மஞ்சள்,
எலுமிச்சைத் தண்ணீர் அளவு.
இரும்பாயிருக்கும், செம்மண்ணு ஏமாத்தும், என்றேன்.
வேண்டிக்கொண்டே சொன்ன வேதியியல்.
அவள் பேசாமல் சோதனைக்குழாயைச் சுடரில் காட்டினாள்.
மஞ்சள் கரைந்து போனது.
கரைந்தால் ஆறவைத்துப் பார்க்க வேண்டும்;
அதுவும் நான் நடத்தியதுதான்.
பைப் தண்ணீரில் பிடித்தாள்.
ஆற ஆறத் தங்கத் துகள்,
முதலில் ஒன்று, பிறகு ஏராளம்,
சுழன்று சுழன்று அடியில் இறங்கியது.
நகைக்கடை விளம்பரம் மாதிரி இருக்கு, என்றாள்.

அந்த வாசலில் ஒரு குழந்தை தவழுகிறது.
அதை அவள் சொல்லவில்லை.
போன மாதம் விடுப்புக் கடிதத்தில் எழுதியிருந்தாள்:
தம்பிக்கு முடியிறக்க, சங்கரன்கோவில், ஒரு நாள்.
ரத்தம் பார்க்க ஹைகிரவுண்ட் போகணும்,
கலெக்டருக்கு மனு எழுதணும்,
எச்.எம். என்ன சொல்வார்,
என்றெல்லாம் ஓடியது எனக்கு.
அவளுக்கு வேறு.

இதக் கழுவணும்லா டீச்சர்?
கழுவி எங்கன ஊத்த?

தொட்டியின் துவாரம் ஓடைக்குப் போகும்.
ஓடை ஆற்றுக்கு.
பதினெட்டு வருஷமாக ஊற்றியிருக்கிறேன்.
பைப்பை மூடினேன்.

ரெண்டு பேருமாக அலமாரியில் துழாவி
ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டில் எடுத்தோம்.
பேப்பர் ஒட்டித் தேதி எழுதினாள்.
எண் போடணுமா என்றாள்.
பதிமூணு போடு.
மூடி சரியாகப் பொருந்தவில்லை.
டேப் சுற்றினோம், மூன்று சுற்று.